கை படாத ஸ்மார்ட் போர்டு

சந்தவாசலில் பஸ் ஏறியதிலிருந்து கல்பனா டீச்சருக்கு ஒரே யோசனை. மாற்றலாகிப் போகும் மலைப்பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறதாம். எந்தப் பாடத்தை அதில் நடத்துவது, எதைக் கரும்பலகைக்கு விடுவது என்று மலைப்பாதை முழுக்கத் திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள்.

வகுப்பில் போர்டைப் பார்த்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. ஆயுத பூஜைக்குத் தலைமையாசிரியர் சந்திரன் வைத்த சந்தனமும் குங்குமமும் மாதக்கணக்காக ஓரத்தில் அப்படியே காய்ந்து கிடந்தன. மேலே பட்டுத்துணி வேறு.

துணியை உருவிவிட்டுக் கடல் படத்தைப் போட்டாள். "யாராச்சும் வந்து தொட்டுப் பெரிசாக்குங்க."

பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெண்ணிலா மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "இன்னா டீச்சர், கும்பிட்டதப் போய்த் தொடலாமா?"

திட்டம் மொத்தமும் மாறியது. அந்த வாரம் பாடமே கிடையாது. போர்டில் இஷ்டத்துக்குக் கிறுக்கட்டும் என்று பிள்ளைகளை விட்டுவிட்டாள். புளி உலுக்கும் காலம். பிசுபிசுக்காத கை ஒன்றுகூட வகுப்பில் இல்லை.

வெள்ளிக்கிழமை எட்டிப் பார்த்த சந்திரன், போர்டு முழுக்கப் புளிக்கறையும் விரல் தடமுமாக இருப்பதைக் கண்டு பதறிப்போய்த் துணியைத் தேடினார்.

"வுடுங்க சார்," என்றாள் கல்பனா. "இப்பதான் அது பள்ளிக்கூடத்துச் சாமானா ஆயிருக்கு."