கிறிஸ்துமஸ் விடியலில் கிளம்பாத கார்

2024 டிசம்பர் 25, புதன்கிழமை, அதிகாலை 4.05. பனிமூட்டம். வராந்தாவில் வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. மாடம்பாக்கத்துக்கு அது குளிர்தான்.

தாம்பரத்தில் எங்கள் கோயிலில் ஐந்து மணிக்கு ஆராதனை. என் மனைவி முதல்முறையாக வேதபாடம் வாசிக்க வேண்டும். அதில் வரும் ரோம அதிகாரியின் பெயர் வாயில் சிக்காமலிருக்க ஒரு வாரமாகச் சமையலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையோடு வந்து காரில் உட்கார்ந்தாள். சாவியைத் திருகினேன். 'டக்' என்றதோடு சரி.

“பனிதாங்க. வண்டி உறைஞ்சுபோச்சு.”

“இந்த ஊர்ப் பனிக்கு வெண்ணெய்கூட உறையாது.”

உள்விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி திருகினேன். விளக்கு பளிச்சென்று நின்றால் கோளாறு ஸ்டார்ட்டரில், மங்கினால் பேட்டரியில். அடியோடு மங்கியது. பேட்டரிதான், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கிப் பதினான்கே மாதமான பேட்டரி ஏன் இறங்க வேண்டும்?

பானெட்டைத் திறந்தேன். பேட்டரியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று தூண் வழியாக ஏறி, போர்ட்டிகோவில் தொங்கிய நட்சத்திரத்துக்குப் போயிருந்தது. ஞாயிறு மாலை கேரல் குழு வரும் நேரத்தில் கரண்ட் போயிற்று. நட்சத்திரம் இருட்டாகத் தொங்கக்கூடாதென்று, அதில் ஒரு கார் பல்பை மாட்டி நான்தான் ஒயரை இழுத்திருந்தேன். அதன்பின் வண்டியை எடுக்கவில்லை. நட்சத்திரம் மட்டும் இரவு பகலாக எரிந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் எரியும் நட்சத்திரத்தை யார் சந்தேகிப்பார்கள்?

கோயம்பேட்டுக்குப் பழம் எடுக்கக் கிளம்பிய பக்கத்து வீட்டு பாய், தன் வேனை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், அந்தக் காலத்துல நட்சத்திரம் வழி காட்டுச்சு. உங்களுது வண்டியவே நிறுத்திடுச்சே!”

“பாய், இவரை அப்புறம் கிண்டல் பண்ணிக்கலாம். முதல்ல வண்டியக் கிளப்புங்க,” என்றாள் மனைவி.

ஒரு வண்டியின் பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கொடுக்கும் கேபிள் அவரிடம் இருந்தது. சிவப்பு சிவப்புக்கு, கறுப்பை எஞ்சின் இரும்பில் என்று நான் சொல்லச் சொல்ல மாட்டினார். வேன் மூன்று நிமிடம் உறுமியபின் திருகினேன். முதல் திருகிலேயே பிடித்தது.

4.52க்குக் கோயில் வாசல்.

“உள்ள வரலையா?”

“இப்ப அணைச்சா திரும்பப் பிடிக்காது. நீ போய் வாசி.”

ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். அவள் குரல் வந்தது. எஞ்சின் சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் தலையை வெளியே நீட்டிக்கொண்டேன். அந்தப் பெயர் நெருங்க நெருங்க என் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. ஒரே மூச்சில், பிசிறில்லாமல் தாண்டினாள்.

ஆராதனை முடியும்வரை எஞ்சினை அணைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். எரிந்த பெட்ரோல் ஒரு லிட்டர், நூற்றொரு ரூபாய்.