தேய்த்தே தேய்ந்த ஈறு

என் அக்கா பல் தேய்ப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடிப்பிடித்த பாத்திரத்தைக்கூட யாரும் அப்படித் தேய்க்க மாட்டார்கள். கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷ்ஷாகப் பார்த்து வாங்குவாள். தினம் மூன்று வேளை தேய்த்ததில் மூன்றே வாரத்தில் அது விரிந்து துடைப்பமாகிவிடும். நான் கிண்டல் செய்தால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

துணிக்கடையில் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், சம்பளம் குறைவு என்று தெரிந்தே பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டருக்கு மாறினாள். அங்கே எதிரில் நிற்கும் ஆளுக்கும் அவளுக்கும் நடுவில் கண்ணாடி உண்டு. அந்தக் கண்ணாடிக்காகத்தான் போனாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஏன் என்பது அப்போது எனக்கும் தெரியாது.

ஐம்பதை நெருங்கும்போது அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் நீண்டுகொண்டே போயின. பல் எங்கே வளரும், ஈறுதான் மேலே ஏறிவிட்டது. பச்சைத் தண்ணீர் பட்டாலே துடித்துப்போவாள். நான்தான் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அழுக்கினால் ஈறு போனவர்களைத் தினமும் பார்க்கிறேன், சுத்தத்தினால் இவ்வளவு போனது உங்களுக்குத்தான் என்றார் டாக்டரம்மா. பக்கத்து ஈறைத் தளர்த்தி, இழுத்து மூடித் தைப்பது ஒரு வழி. இவளுக்கு இழுக்க அங்கே ஈறே மிச்சமில்லை. இறந்தவர்களிடமிருந்து தானமாக வந்த தோலைப் பதப்படுத்தி வைப்பது இன்னொன்று. அக்கா முகத்தைச் சுளித்தாள். கடைசியில், அவளுடைய மேலண்ணத்திலிருந்தே துளி சதை எடுத்து, தெரியும் வேரின் மேல் வைத்துத் தைப்பது என்று முடிவானது. எலும்பும் கரைந்திருப்பதால் இது ஒட்டாவிட்டால் அந்த இரண்டு பல்லும் ரொம்ப நாள் நிற்காது என்றார். ஆறு வாரத்துக்கு அங்கே பிரஷ் படவே கூடாது, மருந்துத் தண்ணீரால் கொப்பளித்தால் போதும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. துணைக்கு நான் அக்கா வீட்டிலேயே தங்கினேன். ஐந்தாம் நாள் மதியம் பார்த்தால், வாஷ்பேசின் முன்னால் பிரஷ்ஷும் கையுமாக நிற்கிறாள். வெடுக்கென்று பிடுங்கினேன். அழுதுவிட்டாள்.

"நாறுமேடி" என்றாள்.

அன்றுதான் சொன்னாள். கல்யாணமான ஆறாம் நாள், ஏதோ பேச இவள் பக்கத்தில் போனபோது மாமா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். இவளுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையில் மாமா அச்சகத்திலிருந்து வந்து கை கழுவும் முன்பே பிடித்துக்கொண்டேன். முதலில் அவருக்கு ஞாபகமே இல்லை. பிறகு தாடையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ எனக்குக் கடவாப்பல் ஒண்ணு அழுகிக் கெடந்துச்சும்மா. அந்த நாத்தம் அவ மூஞ்சில அடிக்கக் கூடாதேன்னுதான் திரும்பிக்கிட்டேன். அடுத்த மாசமே புடுங்கிட்டேன்."

இதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவள் கேட்கவே இல்லையே என்றார். அதுவும் நியாயம்தான், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

உடனே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். இருபத்தேழு வருஷத்தை ஒரு சொத்தைப் பல்லுக்குக் கொடுத்தாய் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்களைக் கடத்தினேன். ஒரு பிரஷ்ஷைப் பிடுங்கியதோடு நிம்மதியாக இருந்துவிட்டேன். பீரோவில் புதிதாக மூன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் டாக்டரம்மா தையலைத் தொட்டதும், வைத்த சதை பஞ்சோடு சேர்ந்து வந்துவிட்டது. வெளுத்துச் செத்துப்போயிருந்தது. பிரஷ் போட்டீர்களா என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். இரண்டாம் நாளிலிருந்தே, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு. இனிமேல் அந்த இடத்தில் வைத்துத் தைப்பது வீண் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடவாப்பல், மாமா சொன்னது, நான் மறைத்தது. அவள் என்னைத் திட்டவில்லை. மேலுதட்டுக்குள் வைத்திருந்த பஞ்சை விரலால் அழுத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நாத்தம் வரத்தான்டி செஞ்சுது" என்றாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது என்னோடதுன்னே நெனச்சுட்டேன்."