சிவப்பு மையில் ஆறு மார்க்

“இன்று மெமோ வந்தது. நாளை காலை பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும்.” 1988ஆம் ஆண்டு டைரியில், ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. என்ன குற்றம் என்று எழுத வெட்கப்பட்டிருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கு அதிகாரி எங்கள் பிரிவுக்குள் வந்தபோது, நான் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டும்.

மறுநாள் காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். கையில் ஆங்கிலத்தில் எழுதி ஒப்பமிட்ட விளக்கக் கடிதம். எங்கள் பெட்டியில் தினமும் அதே ஆட்கள், அதே இடங்கள். ஜன்னலோரத்தில் ஓர் ஆங்கில ஆசிரியை. ஏறி உட்கார்ந்ததும் பரீட்சைத் தாள்களைத் திருத்தத் தொடங்கிவிடுவார். குரோம்பேட்டையில் ஏறிய அஸ்தினாபுரத்து நண்பன் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தான்.

“‘வென் யூ கேம், ஐ ஸ்லெப்ட்.’ மச்சான், அவரைப் பார்த்ததும் உனக்குத் தூக்கம் வந்துச்சுன்னு அர்த்தம்டா!”

“‘வாஸ் ஸ்லீப்பிங்’னு போட்டா ரொம்ப நேரமா தூங்கின மாதிரி இருக்குமே?”

வாசலருகே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தார். “இன்னாபா பேஜாரு? தூங்குனாலும் தூங்கிகினு இருந்தாலும் கொறட்டை ஒண்ணுதான!”

பெட்டியே சிரித்தது. கடிதத்தை ஆசிரியையிடம் நீட்டினேன்.

“எவ்வளவு நேரம்னு அது சொல்லாது, தம்பி. அவர் வந்தப்போ தூக்கம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் சொல்லுது. குடுங்க, பார்க்கிறேன்.”

சைதாப்பேட்டையில் தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். பிரித்தேன். ‘ஸ்லெப்ட்’டைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே ‘வாஸ் ஸ்லீப்பிங்’. ஓரத்தில், ‘காரணம் எங்கே?’ என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. என் கையெழுத்துக்குக் கீழே 6/10. பழக்கதோஷம்!

அலுவலகத்தில் வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாம்பலத்தில் ரயில் அரைமணி நேரம் நின்றுவிட்டது. மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால், பிரிவு வாசலிலேயே அதிகாரி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கொடுத்தேன்.

“யாருய்யா இதுக்கு மார்க் போட்டது?”

“ரயில்ல கூட வர்ற டீச்சர், சார்.”

“காரணம் எங்கேன்னு கேட்டிருக்காங்களே? நானும் அதைத்தான் கேக்கறேன்.”

“தயிர்சாதம், சார்.”

தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு அறைக்குள் போனார். தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன். அந்த மாதக் கடைசிப் பக்கத்தில் டைரி சொல்கிறது: “ஆணை வந்தது. நிரந்தரம். பெட்டி முழுவதற்கும் கடலை மிட்டாய்.”

கடிதம் கோப்பில் இருப்பதாகவும், அதிகாரி பச்சை மையில் ஆறை ஏழாக்கி வைத்திருப்பதாகவும் பிரிவில் ஒருவர் பிறகு சொன்னார். அந்தக் கோப்பை நான் பார்த்ததில்லை. ஆறு மார்க் உறுதி. ஏழாவது மார்க் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.