வெந்நீர் ஊற்றிய துளசி

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக மனைவி கோயம்புத்தூர் போனபோது, என் பொறுப்பில் விட்டுப்போனது மொட்டைமாடித் துளசித் தொட்டி ஒன்றைத்தான். நல்லபடியாகப் பிரசவமாக வேண்டும் என்று ஆறு மாதமாகத் தினமும் அதை மூன்று சுற்று சுற்றியவள். துளசி வாடினால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் கட்சி. அதெல்லாம் சும்மா என்பது என் கட்சி.

நாலாம் நாள் மத்தியானம் கட்சி மாறினேன்.

கத்திரி வெயில். காய்ந்த வேட்டியை எடுக்கப் போனால், துளசி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பதறிப்போய்ப் பக்கத்துக் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்து ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் கை சுட்டது. வெயிலில் கிடக்கும் மாடி டேங்குத் தண்ணீர். மதுரையில் சித்திரை மாதம் அதில் டீத்தூளைப் போட்டால் போதும். உயிரோடு நிற்கும் செடியிலேயே கஷாயம் போட்ட ஒரே ஆள் நான்தான்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் இலையெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. வெயில் ஏறியதும் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். செல்போன் அடித்தது. மனைவிதான், வீடியோவில். துளசியைக் காட்டச் சொன்னாள். குடையைப் போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் துளசியைக் காட்டினேன்.



"நம்மது கருந்துளசி. இது யாரு வீட்டு மாடி?"

எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் கேட்டேவிட்டேன்: "பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களாம். செடியைக் கீழே ஒரு சாண் விட்டுக் கத்தரிக்கச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை துளசியில கை வைக்கக் கூடாதும்பியே?" பகுத்தறிவுவாதியான நான்தான் கேட்டேன்.

"பறிக்கத்தான் கூடாது. இது வைத்தியம். வெட்டுங்க."

முதல் வெட்டில் உள்ளே பழுப்பு. கொஞ்சம் கீழே வெட்டினேன், அதுவும் பழுப்பு. மூன்றாவது வெட்டில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, நகக்கண் அளவுக்குப் பச்சை. போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரை சோறு இறங்கவில்லை.

ஒரு மணிக்கு வாட்ஸப்பில் வந்தது: 'பொண்ணு பிறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. துளசிய நிழலுக்கு மாத்துங்க. இனிமே தண்ணிய காலையிலயே பிடிச்சு வைங்க.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். நல்ல கனம். அன்றைக்கு எனக்கும் இடுப்புவலிதான்.