காலெடு டீச்சர்

பதினோரு வருஷமாக அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அங்கே யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. நேரில் டீச்சர், தலை மறைந்தால் காலெடு டீச்சர். கியர் மாற்றியதும் கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். வைத்தபடியே வந்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேய்ந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் காலை அதன் மேலேயே போட்டுக்கொண்டு சொகுசாக வருவார்கள். "அது என்ன, உங்க வீட்டுக் கட்டிலா? காலெடு!" என்று ஒரு பாடத்துக்கு முப்பது தடவை கத்துவாள்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். மூக்கைத் துடைத்த கையால் ஸ்டீரிங்கைப் பிடிப்பான் ஒருத்தன். இன்னொருத்தி அவள் முகத்துக்கு நேராகவே கொட்டாவி விடுவாள். வியர்த்த முதுகு சாய்ந்து சாய்ந்து சீட்டு உறை எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் மாதிரி ஆகியிருந்தது. கருமம், கருமம் என்று முணுமுணுத்தபடியே ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஸ்டீரிங்கைத் துணியால் அழுத்தித் துடைப்பாள். துடைத்த துணியை இரண்டு விரலால் பிடித்து எடுத்துப்போய்த் தூரமாகக் காயப்போடுவாள்.

வீட்டிலும் அந்த வேலை அவளை விடாது. டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால் போதும், சோபாவில் உட்கார்ந்திருக்கிறவளின் இடது கால் தானாகத் தரையை மிதிக்கும். "அந்தக் கார் நிக்குதோ இல்லையோ, நம்ம வீட்டுத் தரை தேயுது," என்பார் கணவர். "ஆம்பளைங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றாளாம்" என்று நாத்தனார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்ட காலத்திலிருந்தே அவள் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அதை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

ஆனால் சீட்டுக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு கிளட்ச் பிளேட் போய்விட்டன. நாலு மாசத்துக்கு முன்னால் புதுசு போட்டபோதே முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை போச்சுன்னா, டீச்சர், நீங்க ஆபீஸ்ல மேஜையைப் பாத்துக்குங்க. வண்டிக்கு வேற ஆள் போட்டுக்கறேன்." மேஜை என்றால் கழிப்பறைக் கதவை ஒட்டிப் போட்டிருக்கும் மேஜை. விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டிக்கொண்டு, கை முழுக்கக் கோந்தும் மூக்கு முழுக்க பினாயிலுமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று காலை ஸ்டீரிங்கில் தையல்காரர் இருந்தார். ஐம்பது வயது தாண்டிய, சத்தமே இல்லாத மனிதர். ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைப்பவர். தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டி ஏறும்போது இன்ஜின் காட்டுக்கத்தல் கத்தியது, வண்டியோ அசமந்தமாக ஊர்ந்தது. கூடவே தலைமுடி பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றம். அது கிளட்ச் பிளேட் கருகுகிற நாற்றம் என்று அவளுக்குத் தெரியாதா?

"காலெடுங்க சார்! காலெடுங்க!"

"எடுத்துட்டேன் டீச்சர்," என்றார் அவர்.

"எடுத்திருந்தா ஏன் நாறுது?"

ஸ்கூல் வாசலில் வண்டியை நிறுத்தியதும் பிடித்துக்கொண்டாள். முதலாளி இருந்தார், பாடத்துக்குக் காத்திருந்த நாலு பேரும் இருந்தார்கள். "நாள் முழுக்கத் தையல் மிஷினை மிதிக்கிற கால் சார் இது! இந்தக் கால் சும்மா இருக்குமா? கிளட்ச்சையும் மிஷின்னு நெனச்சு மிதிச்சுக்கிட்டே இருக்கார். இவர் வந்த பிறகுதான் பிளேட் போச்சு. சீ, சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது." தையல்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். காத்திருந்தவர்களில் ஒருத்தன் சிரித்தான்.

"மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க. இவர்தான் காரணம்னா நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடலாம்," என்றார் முதலாளி. தையல்காரர் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டார், இம்முறை பின் சீட்டில்.

மெக்கானிக் அவளைவிட இளையவன். அக்கா என்றுதான் கூப்பிடுவான். வண்டியில் ஏறி, கை பிரேக்கை இழுத்துப் போட்டு, மூன்றாவது கியரில் லேசாக ஆக்சிலேட்டரை அழுத்திக் கிளட்ச்சை மெதுவாக விட்டான். "கிளட்ச் நல்லா இருந்தா இப்ப இன்ஜின் செத்துப்போகணும் அக்கா. பாருங்க, சாகவே மாட்டேங்குது. பிளேட் வழுக்குது, சந்தேகமே இல்லை."

"அதைத்தானே நானும் சொல்றேன். யார் தேய்ச்சாங்கன்னு கேளு," என்று கண்ணால் தையல்காரரைக் காட்டினாள்.

கேபிள் இறுக்கமாக இருந்தாலும் பிளேட் வழுக்கும். அசைத்துப் பார்த்தான், அது சரியாக இருந்தது. எண்ணெய் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கலாம். அடியில் படுத்துப் பார்த்தான், எல்லாம் காய்ந்துதான் கிடந்தது. பிறகு டார்ச்சை எடுத்து முதலில் ஓட்டுகிறவர் பக்கப் பெடல்களையும், அப்புறம் டீச்சர் உட்காருகிற பக்கம் பொருத்திய பெடல்களையும் குனிந்து பார்த்தான். இரண்டும் இணைத்தவை, இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் இறங்கும். வெகுநேரம் நிமிரவில்லை.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க."

போனாள்.

"நாலு மாசம் முன்னாடி ரெண்டு கிளட்ச் பெடலுக்கும் ஒரே நாள்ல புது ரப்பர் போட்டேன், ஞாபகம் இருக்கா? ஓட்டறவங்க பக்கம் பாருங்க. எத்தனை பேர் மிதிச்சிருக்காங்க, கோடு இன்னும் தெரியுது. உங்க பக்கம் பாருங்க."

அவள் பக்கத்து ரப்பர் மொட்டையாக இருந்தது. ஒரு கோடு கிடையாது. ஓரத்தில் மட்டும் அவள் செருப்பு முனையின் வளைவு அப்படியே பதிந்து பளபளத்தது.

"அது ஆபத்துக்குன்னு வச்ச பெடல்தானே? நாலு மாசத்துல எத்தனை ஆபத்து வந்துச்சுக்கா?"

"நான் மிதிக்கறதே இல்லையே," என்றாள். சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே நம்பும்படி இல்லை. கணவர் டிவி முன்னால் செய்கிற கேலி நினைவுக்கு வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பெண் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைச் சுவரை நோக்கி விட்டாள். தன் பக்கத்துப் பிரேக்கையும் கிளட்ச்சையும் சேர்த்து மிதித்து ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தியது டீச்சரின் கால்கள்தான். அந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். அன்றைக்குக் கிளட்ச்சுக்குப் போன இடது கால் இன்றுவரை திரும்பி வரவில்லை என்பது மட்டும் அவளுக்கே தெரியாமல் போயிருக்கிறது.

பின்னால் நின்றிருந்த தையல்காரர் தொண்டையைச் செருமினார். "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் கால் வைக்கறதுக்கு முன்னாடியே என் பெடல் ஒரு நூல் கீழ இறங்கியிருக்கும். மிஷின்ல பழகின கால் இல்லையா, தெரிஞ்சிடும். இந்த வண்டியே அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன சார்?"

"எங்க டீச்சர் சொல்ல விட்டீங்க?"

அதில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. நாலு பேர் எதிரில் இந்த மனிதரை வாய் கிழியத் திட்டினோமே என்று நினைக்க நினைக்க, காலையில் மேட்டில் வந்த நாற்றம் தன் மேலிருந்தே வருவதுபோல் இருந்தது. செருப்பைக் கழற்றி எறிய வேண்டும்போல் அருவருப்பாக இருந்தது.

கைபேசி அடித்தது. முதலாளி. "என்ன டீச்சர், தையல்காரர்தானே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சீட்டு பிழைத்துக்கொள்ளும். மெக்கானிக் தலையைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தான். அந்த ஆமாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தன் நாக்கை நினைத்தே அவளுக்குக் குமட்டியது.

"இல்லை சார். அவர் இல்லை. என் கால்தான்."

"என்னது?"

"என் பக்கத்து பெடல்ல நான்தான் சார் காலை வச்சுக்கிட்டே வந்திருக்கேன். மூணு பிளேட்டையும் நான்தான் தின்னிருக்கேன்."

"சரி. இந்த வாரம் பாடம் முடிக்க வேண்டிய ஆளுங்களுக்கு முடிச்சுக் குடுத்துடுங்க. அடுத்த வாரத்துலேருந்து மேஜை," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் புது பிளேட்டோடு வண்டி வந்தது. முதல் பாடம் தையல்காரருக்கு. காத்திருந்த அதே நாலு பேரும் கேட்கும்படி, "சார், நேத்து நான் சொன்னதெல்லாம் தப்பு. மன்னிச்சுக்குங்க," என்றாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். "அதெல்லாம் எதுக்கு டீச்சர், வண்டியை எடுக்கட்டுமா?" என்றார்.

தண்ணீர்த் தொட்டி மேடு வந்தது. அவள் இடது கால் துடித்தது. அடச்சீ, சனியன் பிடித்த கால் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஒரு காலை மட்டும் இழுத்து மடக்கி சீட்டின் மேல் வைத்து, முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி குலுங்காமல் ஏறியது. நாற்றம் எதுவும் வரவில்லை.

தையல்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "டீச்சர், பெடல் இன்னைக்கு முழுசா மேல இருக்கு. காலை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன் சார்," என்றாள். "நீங்க ஓட்டுங்க."