ஈயம் பூசாத போகிணி

போடியில் பேச்சிமுத்துப் பத்தரின் நகைப்பட்டறையைக் கடக்கும்போது பிள்ளை பெற்ற பெண்கள் மாராப்பை இழுத்து மூடிக்கொள்வார்கள். தாய்ப்பாலைத் தீயில் எரிக்கிறவர் என்று ஊர் அவரை வெறுத்தது. ஒரு சொட்டு தீயில் விழுந்தாலும் பெற்றவளுக்கு முலை வற்றிவிடும் என்பது நம்பிக்கை.

அவருக்கும் ஊரைப் பிடிக்காது. அவருடைய முதல் குழந்தை கால் வளைந்து இறந்தபோது, பாலில் சத்தில்லை என்று மனைவியை ஏசியே கொன்றார்கள். ஏசியவர்களில் ஒருவரும் பாலைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில்லை. பத்தர் நிறுத்தார். அரை ஆழாக்குப் பாலைப் பொன் உருக்கும் மூசையில் வற்றவைத்து, கரி நீங்கி வெளுக்கும்வரை சுட்டு, சாம்பலைப் பொன் தராசில் வைப்பார். பதினோரு வருஷத்தில், ஊருக்குத் தெரியாமல் வந்து கொடுத்த நாற்பத்திரண்டு பேர் பால். பெரும்பாலும் ஒரு குன்றிமணியும் ஒன்றிரண்டு நெல்லும் எடை, நிறம் வெள்ளை.

1912 ஆவணியில் கருத்தம்மா ஒரு பித்தளைப் போகிணியோடு வந்தாள். பின்னால் மருமகள் இருளம்மாள். இடுப்பில் வயிறு வீங்கி, கண் மஞ்சளித்த பத்து மாதப் பிள்ளை.

"ஏலக்காட்டுல பொறந்தவ. பாலு பூராம் விஷம். நேத்துப் பொழுதடையப் பீச்சுனது இது. நீரு சொன்னாத்தான் எம்மகன் வீரணன் கேப்பானாம். வெரசாச் சொல்லும், இவள அவ ஆத்தா வீட்டுக்கே மலையேத்திவிட்டுர்றேன். பிள்ள எங்களுக்கு."

எப்போதும் கண்ணெதிரே தேங்காய்ச் சிரட்டையில்தான் பால் வாங்குவார். அன்று கிழவியை வெளியே அனுப்பும் அவசரத்தில், வந்ததை அப்படியே மூசையில் ஊற்றினார். சாம்பல் வெளுக்கவில்லை. உலோகம் இருந்தால் சுடரில் நிறம் காட்டும் நவச்சாரத்தோடு அதைக் கனலில் தூவினார். சுடரின் ஓரம் பச்சையாக எரிந்தது.

"தாமிரம்" என்று வாய்விட்டுவிட்டார்.

"கேட்டியாடி?" கருத்தம்மா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பத்தர் போகிணியை வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்துபோய், அடியில் களிம்பு படிந்திருந்தது. இரவெல்லாம் பால் அதில் கிடந்து புளித்திருக்கிறது. தன்மேலேயே எரிச்சல் வந்தது. சிரட்டையை இருளம்மாளிடம் நீட்டினார்.

"ரெண்டாந்தரமும் எரிச்சா வத்திருமாமே?" என்றாள் இருளம்மாள்.

"வத்தாது."

"வத்துனா?"

"பிள்ள இப்பவே ஒங்க அத்த கையிலதான இருக்கு. இனி எழக்க என்ன இருக்கு?"

அவள் திரும்பி நின்று பீச்சிக் கொடுத்தாள். இந்தச் சாம்பல் வெள்ளை. ஒரு குன்றிமணியும் ஒரு நெல்லும். சுடரில் பச்சை இல்லை.

"பிள்ளைக்கு வேற என்ன குடுக்குறீக?"

"அத்த பசும்பாலு ஊட்டுறாக. காலையில காச்சி, இந்தப் போகிணியிலயே வச்சுப் பொழுதுக்கும்."

"எங்காத்தா குடுத்த சீரு அது. நாலு பிள்ள குடிச்சு வளந்துச்சு" என்றாள் கருத்தம்மா.

"அன்னைக்கு ஈயம் இருந்துச்சு ஆத்தா. இப்பக் களிம்புதான் பிள்ள வயித்துக்குப் போகுது."

கிழவி கை நீட்டுவதற்குள் பத்தர் போகிணியைக் கவிழ்த்து, உளியை வைத்து ஒரே அடியில் அடியைப் பொத்தலாக்கினார்.

"ஒம் பட்டறை வெளங்காதுடா."

"வெளங்காட்டிப் போகுது. பிள்ளைய அவகிட்டக் குடு."

சாயங்காலம் வீரணன் பொத்தல் போகிணியோடு வந்தான். "ஆத்தா சோறுதண்ணி இல்லாமக் கெடக்கு. பொத்தலப் பத்தவச்சுக் குடும்."

"பிள்ள?"

"அவகிட்டத்தான் இருக்கு. அவள எங்கயும் அனுப்பல."

பத்தர் போகிணியை வாங்கி, இன்னும் இரண்டு பொத்தல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.