மஞ்சள் வைக்காத சேலைகள்

பழைய சேலை ஒன்றைக் கையில் எடுத்தால், அது யாருடையது என்று தெரியாவிட்டாலும், எப்படிப்பட்டவள் கட்டியது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தோளில் ஊக்குக் குத்திக் குத்தி நைந்திருந்தால் வேலைக்குப் போகிறவள். முந்தானை நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் அடுப்படியை விட்டு நகர முடியாதவள். கீழ்க்கரை தேய்ந்து நூல் தொங்கினால் குள்ளச்சி, என்னை மாதிரி. சில வருடங்களாக இதுதான் என் பிழைப்பு. பழைய சேலைகளை வெட்டிப் பை தைக்கிறோம்.

எங்கள் ஷெட் நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் இருக்கிறது. முன்பு கோழித்தீவன மூட்டை அடுக்கிய குடோன். மழை பெய்தால் இன்றைக்கும் அந்த வாடை கிளம்பும். குடோனுக்குச் சொந்தக்கார அம்மாவை எல்லோரும் அக்கா என்போம். துணி வாங்குவதும் ஆர்டர் பிடிப்பதும் அவர். தைப்பது நாங்கள். யாருக்கும் பெரிய வசதி கிடையாது. புருஷன் சம்பாத்தியம் பத்தாதவள், புருஷனே இல்லாதவள், இருந்தும் பிரயோசனமில்லாதவள் என்று ஒரு கூட்டம். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். அதனால் என் பக்கத்து மிஷின் எப்போதும் காலியாகவே கிடக்கும்.

அந்தக் காலி மிஷினுக்குத்தான் அவள் வந்து சேர்ந்தாள். ஆற்றோரத்து ஊர். ஒடிசலான உடம்பு, தலை நிமிராத பேச்சு. புருஷன் என்ன வேலை என்று கேட்டதற்கு, "கூலி வேலைங்க" என்றாள். எங்கள் வீடுகளிலும் அதே கதைதான் என்பதால் யாரும் மேற்கொண்டு தோண்டவில்லை. வந்த முதல் வாரமே என்னிடம் ஒன்று சொன்னாள்.

"என்ற புள்ள ஒம்பதாவது படிக்குதுங்க. உங்கம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னு ஆராவது கேட்டா, தையல் வேலைன்னு அது சொல்லோணுங்க. எனக்கு அது போதும்."

இதென்ன அதிசயமான ஆசை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் அந்த மிஷினைத் தொட்ட விதத்தைப் பார்த்தால் விளையாட்டில்லை என்று தெரிந்தது. சாயந்தரம் கிளம்பும்போது சொந்தப் பிள்ளைக்குத் துடைத்துவிடுவதுபோல அதைத் துடைத்து, மூடி வைத்துவிட்டுத்தான் போவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். "அத ஊட்டுக்கே தூக்கிட்டுப் போயிரு அம்மிணி" என்று நானும் கேலி செய்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்தக் கல்யாண ஆர்டர் வந்தது. பெங்களூரில் கம்பெனி வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தன் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை பழைய சேலையில்தான் தைக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். அவளுடைய அம்மா காரில் வந்து இறங்கினார். முகத்தில் கொஞ்சம்கூட இஷ்டமில்லை.

"பழசா இருந்துட்டுப் போகுதுங்க. ஆனா சுமங்கலி கட்டுன சேலையா இருக்கோணும். நாளைக்கு ஒண்ணுன்னா என்ற நாத்தனா காலம் பூரா சொல்லிக் காட்டுவா."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க" என்று அக்கா அடித்துச் சொன்னார். அந்தம்மா போனதும் என்னைக் கூப்பிட்டு, "மூலையில மஞ்ச இருக்குதான்னு பாத்துப் பாத்து எடு" என்றார்.

புதுச்சேலை கட்டுவதற்கு முன்னால் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைப்போம். எத்தனை தடவை துவைத்தாலும் அந்த இடத்தில் லேசாக ஒரு பழுப்பு நின்றுவிடும். அந்தப் பழுப்பைத்தான் தேடச் சொன்னார். ஆனால் கடைத்தெருவில் வாங்கி வந்திருந்த மூட்டையில் பாதி கந்தல், பாதி சாயம் போனது. கல்யாணத்துக்கு ஆகிற மாதிரி கொஞ்சம்தான் தேறியது.

அந்தம்மா வந்துபோன அன்று புதியவள் லீவு. பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் வந்தவள், நாங்கள் துணி இல்லை துணி இல்லை என்று புலம்புவதைக் கேட்டுவிட்டு, "எங்கூட்டுல கொஞ்சம் நல்ல சேலையா கெடக்குதுங்க. எடுத்தாரட்டுங்களா?" என்றாள்.

"எடுத்தா சாமி, எடுத்தா" என்றார் அக்கா. எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வழக்கமாக நாங்கள் தைப்பது காய்கறிப் பைதானே.

மறுநாள் பஸ்ஸில் ஒரு பெரிய மூட்டையோடு வந்து இறங்கினாள். அவிழ்த்தால், அடேயப்பா! மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, ஜரிகை போட்டது, பூப்போட்டது. "அடி ஆத்தீ, இதெல்லாம் கட்டறதா வெட்டறதா?" என்று எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். அந்த ஆசையில் மூலைகூடப் பார்க்காமல் ஒரே நாளில் நிறையப் பை வெட்டித் தைத்தும் ஆகிவிட்டது.

மூலை பார்க்கும் வேலை என்னுடையது என்பதால், மிச்சச் சேலைகளையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு சேலையைப் பிரித்தேன், மஞ்சள் இல்லை. இன்னொன்று, இல்லை. நாலு மூலையும் திருப்பினேன். தோளில் ஊக்குக் குத்திய ஓட்டையும் இல்லை, கீழ்க்கரையில் ஒரு தேய்மானமும் இல்லை. துவைத்த சேலை, ஆனால் யாரும் கட்டாத சேலை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏம் புள்ள, இத்தன சேலையில ஒண்ணுக்குக்கூடவா மஞ்ச வெக்காம கட்டுவாங்க? கல்யாண ஊட்டம்மா மூலைய மோந்து பாப்பாங்களே, என்ன பதில் சொல்றது?" என்றேன் சும்மா.

அவளுடைய மிஷின் நின்றது. "கல்யாண ஊடுங்களா? இந்தப் பை எதுக்குங்க?"

"தாம்பூலப் பை. பின்ன எதுக்குன்னு நெனச்ச?"

அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பைகள் மண்டபத்துக்குப் போயிருக்கும், அவள் பாட்டுக்கு மிஷினில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் எழுந்து நின்று, சேலைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேண்டாமுங்க. கல்யாணத்துக்கு இது ஆகாதுங்க. என்ற ஊட்டுக்காரரு ஆத்தோரச் சுடுகாட்டுல வேலை பாக்கறாரு. இதெல்லாம் பொணத்து மேல போத்துன கோடிங்க. காய் வாங்கற பைக்குன்னு நெனச்சுத்தான் எடுத்தாந்தேன்."

அப்புறம் பாருங்கள், ஷெட்டே இரண்டுபட்டது. ஒருத்தி கத்தரிக்கோலை வீசிவிட்டுக் குழாய்க்கு ஓடினாள். இன்னொருத்தி கட்டிய சேலையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அக்கா வாயில் வயிற்றில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, பொணந்தொட்ட கையோட வந்து என்ற மிஷின்ல உக்காந்தியா? நாளையிலிருந்து இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத!"

"பழந்துணி யாவாரிங்க எங்ககிட்டயும் வந்து வாங்கிட்டுத்தானுங்க போறாங்க" என்று அவள் முணுமுணுத்தாள். உண்மையாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அதை யார் காதில் வாங்கப் போகிறார்கள்?

நான் குழாய்க்கு ஓடவில்லை. மூட்டையின் அடியில் ஒரு அரக்குக் கலர் தெரிந்தது. இழுத்தேன். அரக்கில் கிளிப்பச்சைக் கரை, கரையில் சின்னச் சின்ன அன்னம். என் அம்மா செத்தபோது என் மாமன் கொண்டுவந்த பிறந்த வீட்டுக் கோடி.

அந்தச் சேலையை நான் எப்படி மறப்பேன்? உசுரோடு இருந்தவரை உடன்பிறந்தவளுக்கு ஒரு கைக்குட்டை வாங்கித் தராத மனுஷன், பிணமான பிறகு ஜரிகைச் சேலையோடு வந்து நிற்கிறாரே என்று பந்தலிலேயே அவரைப் பிடித்துக் கிழித்தவள் நான். எல்லோரும் போர்த்திய பிறகு கடைசியாக அதைத்தான் போர்த்தினார்கள். முச்சந்தி வரை பின்னாலேயே போனேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் அதைத் தாண்டிப் போவதில்லை. அம்மா அந்த அரக்குச் சேலையோடு போவதைத்தான் நான் கடைசியாகப் பார்த்தது. அதோடுதான் எரிந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத ஆருடி உருவுனது?" என்று அவள் முன்னால் போய் நின்றேன். அடித்துவிடுவேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் அந்த எண்ணம் இல்லாமலில்லை.

"உங்க ஆம்பளைங்கதானுங்க உருவிக் கரையில போட்டுட்டுப் போவாங்க. பாலிஸ்டரு எரியாம உருகி மேல ஒட்டிக்கும்னு. நாங்க அப்பறமா எடுத்து ஆத்துல அலசி வெச்சுக்குவமுங்க."

சுடுகாட்டிலிருந்து திரும்பிய என் அண்ணன் இதைச் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் அவள் தலையில்தான் கொட்டினேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிஷினை மூடவில்லை.

ஆர்டரை எப்படியோ முடித்தோம். ஆளுக்குக் கொஞ்சம் எங்கள் பெட்டியிலிருந்தே சேலை கொண்டுவந்தோம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்த மூட்டையும் தைத்த பைகளும் ஷெட் மூலையில் அப்படியே கிடந்தன. கொளுத்துங்கள் என்றார் அக்கா. கொளுத்த வேண்டுமென்றால் தொட வேண்டுமே, யார் தொடுவது? நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. என் நெஞ்சுக்குள் ஒரு கேள்வி கிடந்து அரித்தது, அதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை.

ஸ்கூட்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆற்றோரம் போனேன். சுடுகாட்டை ஒட்டிச் சீமை ஓடு போட்ட வீடு. வாசலில் அவள் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மறுபடியும் திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள், பாவம்.

மூட்டையை வாசலில் இறக்கிவைத்து, "அந்த அரக்குச் சேலை எங்கம்மாளது" என்றேன். "மழை தூறுன நாளு. ஆம்பளைங்க போன கையோட ஊட்டுக்குத் திரும்பிட்டாங்க. நல்லா எரிஞ்சுதான்னு எங்கண்ணனக் கேட்டா, அதெல்லாம் ஆச்சுங்கறான். மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான். உனக்கு ஏதாவது தெரியுமா?"

அவள் யோசித்தாள். "வலது கையில ஒரு வெரலு மடங்குனாப்புல இருக்குமே, அவிங்களுங்களா?"

என் அம்மாவின் விரல் தீவன மில்லில் பெல்ட்டில் சிக்கி ஒடிந்து, அப்படியே மடங்கிக் கூடிவிட்டது. அதை நான் ஷெட்டில் யாரிடமும் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வெறகு நனஞ்சு போச்சுங்க. பத்தவே இல்ல. எல்லாரும் மழைக்குப் பயந்து கெளம்பிட்டாங்க. என்ற ஊட்டுக்காரரு அன்னிக்கு நெதானத்துல இல்லைங்க. நான்தான் சீமெண்ண ஊத்தி ஊத்திப் பக்கத்துலயே நின்னேன். பாதியில அந்தக் கை நழுவி வெளிய வந்துருச்சுங்க. கம்புல தள்ளி உடறதுதான் பழக்கம். அந்த வெரலப் பாத்தா எனக்குத் தள்ள மனசு வல்லைங்க. கையாலயே தூக்கி உள்ள வெச்சேன். பொழுது உழுந்துதான் முடிஞ்சுது. தனியா உடலைங்க."

ஓவென்று அழுதேன். அம்மா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்குச் சண்டை போடத்தான் நேரம் இருந்தது. அவள் என்னைத் தொட்டுத் தேற்றவில்லை. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் ஒதுங்கியே நின்றாள். உள்ளங்கையில் பழைய தீக்காயம் ஒன்று வெளுத்துக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். நானே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு வேலைக்கு வா" என்றேன்.

"வேண்டாமுங்க. எல்லாரும் என்ற கையத்தான் பாப்பாங்க."

"பாக்கட்டும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் இரண்டு பேர் அவள் வெட்டிய துணியைத் தொட்டுவிட்டுக் குழாய்க்குப் போகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். ஒருத்தி வேலையை விட்டே நின்றுவிட்டாள். போகிறவள் போகட்டும். அவளைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குக் காலையில் ஷெட் வாசலில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கூட்டியை விட்டு நாங்கள் இறங்கியதும் அக்கா நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு வழியை மறித்தார். என்னைத்தான் பார்த்துப் பேசினார், அவளைப் பார்க்கவில்லை.

"உனக்கு அறிவிருக்குதா? பொணந்தொட்ட கை அது."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. குரல்கூட உயரவில்லை.

"ஆமாங்கக்கா. எங்கம்மாளத் தொட்ட கை. அன்னிக்கு எங்க சனத்துல ஒருத்தருக்கும் அவளத் தொடறதுக்குப் பொறுமை இல்ல."

அக்கா நிலைப்படியிலிருந்து கையை எடுத்தார்.